விருந்துக்குப் போன ஏழாம் நம்பர்

அத்தியாயம் 5

மத்தியானம் ஒன்று நாற்பது. பல்கலைக்கழக உணவகத்தின் ஜன்னலோர மேஜையில் மூன்று பேர் ஒரு காகிதத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் பசி. மூன்றாவது ஆளுக்குக் கோபம்.

கோபக்காரியின் பெயர் கனிஷாய். வயது பதினேழு. அத்பாஷி மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிஷ்கேக் வந்து மூன்று நாளாகிறது. பசிக்காரர்களில் ஒருத்தி ரக்கியா, போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவள். ஐம்பத்து மூன்று வயது, ஒரே சாம்பல் நிறக் கோட்டு. இன்னொருவன் உலார். பத்து வருஷம் டாக்ஸி ஓட்டியவன். இப்போது ரக்கியாவுக்கு உதவியாளன், ஓட்டுநர், தேவைப்படாத நேரத்திலும் வாய்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடும்மா" என்றான் உலார், சம்சாவைக் கடித்தபடி. "நான் டாக்ஸி ஓட்டினப்ப இந்த மாதிரி விளக்கக் கடிதம் நாப்பது எழுதியிருப்பேன். ஒண்ணுலகூட உண்மை கிடையாது."

"மாட்டேன்."

"அடுத்த வருஷம் திரும்ப வரலாம்ல?"

"திருடின்னு பேரோட வரணுமாண்ணே? அதுக்கு வராமலே இருந்துக்கறேன்."

காகிதத்தில் ஏற்கெனவே எல்லாம் தட்டச்சு ஆகியிருந்தது. 'என் ஆய்வின் அளவீடுகளை மாணவர் அர்செனின் ஆய்விலிருந்து எடுத்தேன் என்பதை ஒப்புக்கொண்டு வருந்துகிறேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மூன்று மணி வரைக்கும்தான் ஆயுள். போட்டால் அடுத்த வருஷம் இன்னொரு வாய்ப்பு. போடாவிட்டால் மூன்று வருஷத்துக்குத் தடை, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம், பல்கலைக்கழகக் கனவுக்கு ஒரு கும்பிடு.

விஷயம் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் போட்டி. பள்ளிக் கடைசி வருஷப் பிள்ளைகள் ஆளுக்கொரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, ஆசிரியர் கைபிடிக்காமல் தாங்களே ஆராய்ந்து, நடுவர் குழு முன்னால் நின்று வாதாட வேண்டும். முதல் மூன்று பேருக்கு நுழைவுத் தேர்வு இல்லாமலே இடம். விடுதியில் ஒரு கட்டில். கனிஷாயின் கேள்வி ஆடு சம்பந்தப்பட்டது. ஊறவைத்த பார்லி வைக்கோலைப் போட்டால் குளிர்காலத்தில் ஆடு எடை குறையாமல் தாங்குமா? இருபது ஆடு. பாதிக்கு வைக்கோல், பாதிக்கு வெறும் புல். ஐந்து தடவை எடை.

நகரத்துத் தனியார் பள்ளியிலிருந்து அர்சென் என்ற பையனும் ஆட்டோடு வந்து நின்றான். அதே இருபது ஆடு. புள்ளிக்குப் பின்னால் வரும் எண் உட்பட அதே எடைகள். ஒரே வித்தியாசம், அவனுடைய ஆடுகள் ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை கொழுகொழுவென்று ஏறின. இவளுடையவை அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரை இறங்கின. அவன் மார்ச் பதின்மூன்றாம் தேதி சமர்ப்பித்திருந்தான். இவள் பதினைந்தாம் தேதி.

முந்தினவன் சொந்தக்காரன், பிந்தினவள் திருடி. அட்டவணையைத் தலைகீழாகத் திருப்பி மாதத்தையும் மாற்றி மறைக்கப் பார்த்தாள் என்பது குழுவின் செயலாளர் வெனேரா மேடத்தின் கண்டுபிடிப்பு. அந்த மேடம்தான் கடிதத்தையும் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார், பேனாவோடு.

"பேனா நல்லா இருக்கே" என்று அதை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டான் உலார்.

ரக்கியா எழுந்தாள். "நீ இங்கயே இரு கனிஷாய். கடிதத்துமேல டீயைக் கொட்டினாலும் பரவாயில்ல, கையெழுத்து மட்டும் போடாத. உலார், வா. அந்த ஆட்டுக்காரத் தம்பியப் பாத்துட்டு வருவோம்."

அர்சென் இரண்டாவது மாடி நடையில், தன் சுவரொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். சுவரொட்டி பளபளவென்று இருந்தது. அதில் சிரித்த ஆடு எந்த நாட்டு ஆடோ, இந்த நாட்டு ஆடில்லை. பையன் இஸ்திரி போட்ட கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்க பத்திரிகைலேருந்து" என்றான் உலார் கூசாமல். "ஆட்டுப் பத்திரிகை. மாசம் ஒருமுறை மேயும்."

பையன் சிரிக்கவில்லை. மனப்பாடம் செய்ததை ஒப்பிக்க ஆரம்பித்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடை. ஜனவரி, மார்ச், மே, ஜூலை, செப்டம்பர். சராசரி ஒன்பது கிலோவுக்கு மேல் உயர்வு. ஊறவைத்த வைக்கோலின் வெற்றி.

"ஆட்டை நீயே பிடிச்சுத் தராசுல ஏத்தினியா தம்பி?" ரக்கியாவின் குரல் ரொம்ப மென்மையாக இருந்தது. அந்த மென்மையைக் கேட்டால் உலார் எப்போதுமே ஓர் அடி பின்னால் நகர்ந்துகொள்வான்.

"பண்ணையில... ஆள் இருந்தாங்க."

"இந்த ஏழாம் நம்பருக்கு மட்டும் முதல் ரெண்டு தடவை எடை இல்லையே?"

பையனுக்கு அந்தப் பதிலும் தெரிந்திருந்தது. "அது இல்ல மேடம் அப்ப. குறிப்புல இருக்கு பாருங்க, 'விருந்தாளியாகப் போயிருந்தது'. பக்கத்துப் பண்ணைக்குப் போயிருந்துச்சு. மே மாசம் திரும்பி வந்துடுச்சு. நாப்பத்தஞ்சு கிலோ முந்நூறு கிராம்."

"நல்ல ஆடு" என்றாள் ரக்கியா.

"குடுத்துவெச்ச ஆடு" என்றான் உலார். "என்னை இதுவரைக்கும் யாரும் ரெண்டு மாசத்துக்கு விருந்துக்குக் கூப்பிட்டதில்ல."

படியிறங்கும்போது உலார் புலம்பினான். "அக்கா, பையன் அத்தனையும் கரெக்டா சொல்றான். நம்ம பொண்ணு 'மாட்டேன்'கறதத் தவிர ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. நாம தப்பான பக்கம் நிக்கறோமோ?"

"ஆட்டுக்கு எந்தப் பக்கம் வால்னு கேட்டா அந்தப் பையன் சுவரொட்டியப் பாத்துதான் சொல்லுவான்."

"அது சாட்சி ஆகாதேக்கா."

"ஆகாது. அதான் பயமா இருக்கு" என்றாள் ரக்கியா. மணி இரண்டு பத்து.

உணவக மேஜையில் கனிஷாய் கடிதத்தின் மேல் டீக்கிண்ணத்தை வைத்திருந்தாள். கோடு இருந்த இடத்தில் வட்டமாக ஈரம்.

"உன் நோட்டைக் குடு" என்றாள் ரக்கியா. "நீ சமர்ப்பிச்சது இல்ல. தராசுப் பக்கத்துல நின்னு எழுதினது."

பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டு வந்தது. அட்டையில் ஆட்டுக் கம்பளியின் வாடை. ரக்கியா மூக்குக் கண்ணாடியைத் தேடிய நேரத்தில் உலார் நோட்டைப் பிடுங்கி, வானொலிச் செய்தி வாசிக்கிறவன் குரலில் படித்தான்.

"முதல் எடை, ஒன்பதின் மாதம். அடுத்தது ஏழின் மாதம். அப்புறம் ஐந்தின் மாதம், மூன்றின் மாதம், ஒன்றின் மாதம். அதாவது செப்டம்பர், ஜூலை, மே, மார்ச், ஜனவரி. ஏம்மா, உங்க வீட்ல காலண்டரைத் தலைகீழாவா மாட்டியிருக்கீங்க?"

கனிஷாய் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு என்றால் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு.

உலாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன தப்பு? ஒன்பதாவது மாசம் செப்டம்பர்தானே?"

"நீ பொறந்தது எங்கடா?" என்றாள் ரக்கியா.

"இங்கதான். பஜார் பின்னாடி ஆஸ்பத்திரியில."

"அதான். ஒன்பதின் மாதம்னா அக்டோபர். ஏழுன்னா நவம்பர். அஞ்சு டிசம்பர், மூணு ஜனவரி, ஒண்ணு பிப்ரவரி. மேய்க்கறவங்க கணக்கு. நிலாவும் கார்த்திகை மீன்களும் எத்தனையாவது பிறையில ஒண்ணுசேருதோ அதுதான் மாசத்துக்குப் பேரு. குளிர் ஏற ஏற ரெண்டு ரெண்டாக் குறையும். எங்கப்பா இதை வெச்சுத்தான் என் பிறந்தநாளையே சொல்லுவாரு."

உலார் வாயில் இருந்த சம்சாவை விழுங்க மறந்தான். நாற்பது வருஷமாகக் கிர்கிஸ் மொழி பேசுகிறவன். அவன் வீட்டில் டிசம்பரை டிசம்பர் என்றே சொல்லிவிட்டார்கள். காது சூடாவது அவனுக்கே தெரிந்தது.

"வெக்கப்படாத" என்றாள் ரக்கியா. அவள் கண் மின்னியது. "இன்னிக்கு நீ பண்ணின உருப்படியான வேலை இதுதான். திருடின ஆளும் இப்படித்தான் படிச்சிருக்கான். செப்டம்பர், ஜூலை, மே, மார்ச், ஜனவரி. அட, இந்தப் பட்டிக்காட்டுப் பொண்ணு பின்னாலேருந்து எழுதியிருக்குதேன்னு நெனச்சு, ஒழுங்குபடுத்தறதா ஜனவரியத் தூக்கி முன்னாடி வெச்சுட்டான். ரெண்டு மாசத்துக்கு ஒரு எடை, அதுவும் ஏறுமுகமா! இளைச்ச ஆடெல்லாம் ஒரே தட்டச்சுல கொழுத்துடுச்சு."

"அப்போ ஜெயிச்சாச்சு!" உலார் எழுந்துவிட்டான்.

"உக்காரு. இதைச் சொன்னா வெனேரா மேடம் என்ன சொல்லுவா? பையனோட மாசத்தைப் பாத்துட்டு, அதுக்கு ஏத்த மாதிரி பொண்ணு பழைய பேரைத் தேடிப் போட்டு நோட்டு தயார் பண்ணிட்டாம்பா. நோட்டை நேத்துகூட எழுதலாமே."

கனிஷாயின் சிரிப்பு நின்றது.

ரக்கியா நோட்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு வரியாக விரல் ஓட்டினாள். ஏழாம் நம்பரில் விரல் நின்றது. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். அக்கா சிரிப்பை அடக்கும்போது முகம் இப்படித்தான் ஆகும் என்பது உலாருக்குத் தெரியும். எதற்கு அடக்குகிறாள் என்பதுதான் தெரியவில்லை.

"உலார், போய் மூணு டீ வாங்கிட்டு வா."

"இப்பவா? மணி ரெண்டரை."

"சூடா."

அவன் டீயோடு திரும்பியபோது இரண்டு தலைகளும் கனிஷாயின் கைப்பேசி மேல் குனிந்திருந்தன. ரக்கியா கோட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தாள். டீயை யாரும் குடிக்கவில்லை. மூன்றையும் உலாரே குடித்தான்.

இருநூற்றுப் பதினாலாம் அறை. நீள மேஜைக்குப் பின்னால் தலைவர் துர்துபெக். கணிதப் பேராசிரியர், ஆட்டைத் தட்டில் மட்டுமே சந்தித்தவர். அவர் வலப்பக்கம் வெனேரா மேடம், கழுத்தில் பட்டுக் கைக்குட்டை, கையில் ஒரு புதுப் பேனா. சுவரோரம் அர்சென்.

"கையெழுத்து ஆச்சா கண்ணு?" என்றார் வெனேரா மேடம், தேன் ஒழுக.

கனிஷாய் கடிதத்தை மேஜையில் வைத்தாள். டீக்கறையைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"இவங்கள்லாம் யாரு?" என்றார் துர்துபெக்.

"பொண்ணோட அக்கா" என்றாள் ரக்கியா. இந்த ஊரில் அந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. "ஐயா, அஞ்சு நிமிஷம் குடுங்க. மேடம், இந்த நோட்டுல மாசங்களைக் கொஞ்சம் வாசிக்கறீங்களா?"

வெனேரா மேடம் நோட்டை இரண்டு விரலால் தொட்டார். "ஒன்பதின் மாதம்... செப்டம்பர். ஜூலை. மே..." பாதியில் நிறுத்தினார். துர்துபெக்கின் புருவம் மேலே போயிருந்தது. அவர் தலாஸ் மலைப்பக்கத்துக்காரர்.

"ஏழின் மாதம் ஜூலையா வெனேரா?" என்றார் அவர். "நவம்பர் இல்ல?"

ரக்கியா விளக்கினாள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. வெனேரா மேடம் அதற்குள் சமாளித்துக்கொண்டார். "சரி, எனக்குத் தெரியல. நகரத்துல பொறந்தது குத்தமா? இந்தப் பொண்ணு காப்பியடிச்சுட்டு அதுக்கேத்த மாதிரி ஒரு நோட்டு எழுதி எடுத்துட்டு வந்திருக்கா. அவ்வளவுதானே?"

உலார் அக்காவைப் பார்த்தான். சொன்னபடியே, அட்சரம் பிசகாமல்.

"குத்தமே இல்ல மேடம். என் ஆளும் அப்படித்தான் வாசிச்சான்" என்றாள் ரக்கியா. "தம்பி அர்சென், அந்த ஏழாம் நம்பர் எங்க போயிருந்ததுன்னு ஐயாகிட்ட சொல்லு."

"விருந்தாளியா... பக்கத்துப் பண்ணைக்கு."

"கனிஷாய், உன் ஏழாம் நம்பர்?"

"விருந்துக்குப் போயிடுச்சு. நோட்டுலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்" என்றாள் கனிஷாய். "மூன்றின் மாசம் எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தாங்க. ஆராய்ச்சி ஆடு, தொடாதீங்கன்னு கத்தினேன். அப்பா கேக்கல. அறுத்துட்டாரு. ரெண்டு நாள் அவரோட பேசல நான்."

துர்துபெக் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு அர்செனின் தாளை இழுத்தார். ஜனவரியில் இல்லை. மார்ச்சில் விருந்தாளி. மே மாதம் நாற்பத்தைந்து கிலோ. அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது.

"விருந்துல தின்னு தீர்த்த ஆடு," என்றார் மூச்சு வாங்கியபடி, "மே மாசம் எந்திரிச்சு வந்து தராசுல ஏறியிருக்கு!"

"செப்டம்பர் வரைக்கும் ஆறு கிலோ போட்டிருக்கு ஐயா" என்றான் உலார். "செத்தப்புறம் அதுக்குக் கவலை இல்ல பாருங்க."

வெனேரா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "இவன் தப்பா மொழிபெயர்த்துட்டான்னே வெச்சுக்கோங்க. பொண்ணு எழுதிவெச்சிருந்ததை எங்கேயோ பாத்து எடுத்துட்டான். பையனைத் தகுதிநீக்கம் பண்ணிடலாம். விஷயம் முடிஞ்சுது."

சுவரோரம் நின்ற அர்சென் நிமிர்ந்தான். முகம் வெளுத்திருந்தது.

"முடியல" என்றாள் ரக்கியா. "ஐயா, பொண்ணு சமர்ப்பிச்ச தாள் உங்க முன்னாடிதான் இருக்கு. ஏழாம் நம்பர் குறிப்பை வாசிங்க."

துர்துபெக் வாசித்தார். "'ஜனவரியில் அறுக்கப்பட்டது.'"

"மாசம் என்ன போட்டிருக்கு?"

"அக்டோபர், நவம்பர்னு... சாதாரணமாத்தான்."

"நகரத்துக்காரங்களுக்குப் புரியாதுன்னு அவ டீச்சர் மாத்தச் சொன்னாங்க. இந்தத் தாளைப் பாத்துத் திருடியிருந்தா நவம்பர் ஜூலை ஆகியிருக்காது. அறுத்த ஆடு விருந்தாளி ஆகியிருக்காது. இதுக்கு முன்னாடி எழுதின வரைவைப் பாத்தவங்கதான் எடுத்திருக்க முடியும். அந்த வரைவை இந்தப் பொண்ணு ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்பினா. 'ஆலோசனை தேவைப்படும் கிராமத்து மாணவர்கள் அனுப்பலாம்'னு உங்க அறிவிப்புல ஒரு முகவரி இருந்துச்சே, அங்க."

கனிஷாய் கைப்பேசியை மேஜையில் வைத்துத் தள்ளினாள். பிப்ரவரி இருபத்தேழு. இணைப்பில் நோட்டின் பக்கங்கள், படமாக. கீழே அன்று மாலையே வந்த பதில். 'பெற்றுக்கொண்டேன். வெ.'

அறையில் எல்லோரும் அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தார்கள். பிறகு வெனேரா மேடத்தைப் பார்த்தார்கள். அவர் கைக்குட்டையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க வகுப்பு நடத்தறாங்க" என்றான் அர்சென் திடீரென்று. குரல் உடைந்திருந்தது. "வீட்ல. ஆய்வுத் திட்டத்துக்கு. எனக்குத் தலைப்பும் குடுத்து, அட்டவணையும் குடுத்து, மனப்பாடம் பண்ணுன்னாங்க. நான் ஆட்டைத் தொட்டதேயில்ல." கனிஷாய் பக்கம் திரும்பினான். "உன்னோடதுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

"தெரிஞ்சுக்கணும்னு நீ கேக்கவும் இல்லயே" என்றாள் கனிஷாய்.

வெனேரா மேடம் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கதவைத் திறந்துகொண்டு போனார். உலாருக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. அக்கா ஒரு பார்வை பார்த்தாள். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான்.

துர்துபெக் கண்ணாடியைக் கழற்றி நெற்றியைத் தேய்த்தார். சிரித்த முகம் போய்விட்டது. இப்போது அங்கே உட்கார்ந்திருந்தது ஒரு பல்கலைக்கழக அதிகாரி.

"வெளியில தெரிஞ்சா எங்களுக்கு அசிங்கம்மா" என்றார். "இந்த வருஷம் இந்தப் பிரிவையே ரத்து பண்ணிடறேன். உன்மேல குத்தம் இல்லன்னு நானே கைப்பட எழுதித் தரேன். அடுத்த வருஷம் நீ வா, முதல் ஆளா உன்னைக் கூப்பிடறேன். சரியா?"

உலாருக்கு அது நல்ல பேரமாகத்தான் பட்டது. தலையாட்டிவிடு என்று கண்ணால் சொன்னான்.

"மாட்டேன்" என்றாள் கனிஷாய்.

"என்னம்மா மாட்டேன்?"

"ஆளுக்கு இருபது நிமிஷம்னு விதி போட்டிருக்கீங்க. மூணு நாளா யாரு திருடி, யாரு முந்தி, யாரு பிந்தின்னு கேக்கறீங்க. என் ஆராய்ச்சியப் பத்தி ஒரு கேள்விகூட யாரும் கேக்கல. எனக்கு என் இருபது நிமிஷம் வேணும். இப்ப."

"உன் முடிவு தோல்விதானேம்மா? வைக்கோல் தின்ன ஆடுதானே அதிகமா இளைச்சிருக்கு?" துர்துபெக் எரிச்சலை மறைக்கவில்லை.

"ஆமா. தோல்விதான்." அவள் குரல் நடுங்கியது. நடுங்கியதற்காக அவளுக்கே கோபம் வந்தது, அடுத்த வாக்கியம் இன்னும் சத்தமாக வந்தது. "எங்க ஊர்ல நாப்பது வீடு. எல்லாரும் வைக்கோல் ஊறவெக்கக் குழி வெட்டிக்கிட்டு இருக்காங்க, அடுத்த குளிர்காலத்துக்கு. வேணாம்னு சொன்னா நேத்துப் பொறந்தவ பேச்சுன்னு சிரிக்கறாங்க. உங்க முத்திரையோட இந்தப் பையனோட தாள் எங்க ஊருக்கு வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒன்பது கிலோ ஏறும்னு நம்பி அத்தனை பேரும் அதையே போட்டிருப்பாங்க. பனி உருகறப்ப தொழுவத்துல தோல்தான் மிஞ்சியிருக்கும். அடுத்த வருஷம் வந்து சொல்லுன்னா, இந்த வருஷத்து ஆட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீங்களா?"

ரக்கியா சுவரோரம் போய் அர்செனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தங்கள் வேலை முடிந்துவிட்டது என்று உலாருக்குப் புரிந்தது. அவனும் உட்கார்ந்தான்.

துர்துபெக் கடிகாரத்தைப் பார்த்தார். கனிஷாயைப் பார்த்தார். டீக்கறை படிந்த கடிதத்தைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை மேலே வைத்தார். அவரிடம் பேனா இல்லை. உலார் பாய்ந்து போய்த் தன் சட்டைப்பையிலிருந்ததை நீட்டினான்.

"எத்தனை கிலோ இளைச்சுது?" என்று கேட்டார் துர்துபெக்.

"வைக்கோலுக்குச் சராசரி ஒன்பது கிலோ அறுநூறு. வெறும் புல்லுக்கு ஆறு கிலோ நூறு" என்றாள் கனிஷாய். அவர் பேனா அசையாமல் இருப்பதைப் பார்த்தாள். "எழுதுங்க ஐயா. நான் காத்திருக்கேன்."

அவர் எழுதினார்.